அழுத்திப் பிரித்து வரையும் சர்ரியலிச நிலக்காட்சி: செட்டிநாட்டுப் பொட்டலை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பாறையா, பவளமா, இடிந்த வீடா, காய்ந்த மரமா என்று பார்க்கிறவர் முடிவுசெய்ய முடியாத ஒரு நிலம். அதன் மேல் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமான வானம். கனவு போன்ற காட்சிகளை நாடும் இந்தச் சர்ரியலிச வகைப் படத்தின் நிலப்பகுதியில் தூரிகையின் வேலை குறைவு. ஈர வண்ணத்தின் மேல் கண்ணாடியை அழுத்திப் பிரித்தெடுக்கும் டெகல்கோமேனியா என்ற முறையில்தான் அந்தச் சொரசொரப்பு வருகிறது. இங்கே 12 × 16 அங்குலப் பலகையில், எண்ணெய் வண்ணத்தில், ஒரு படத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்கலாம். கைவேலை நாலைந்து அமர்வுகள்தான். மற்றதெல்லாம் காயவிடும் நேரம். கோடையில் மூன்று வாரம், ஐப்பசி கார்த்திகையில் ஐந்து வாரம்கூட ஆகலாம்.

1. வரிசையை மாற்றாதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் முதலில் பென்சிலால் ஒரு காட்சியை வரைகிறார்கள்: இங்கே திருமயம் கோட்டைப் பாறை, அங்கே ஊருணி, நடுவில் ஒரு வீடு. பிறகு கோட்டுக்குள் கண்ணாடியை அழுத்திப் பார்க்கிறார்கள். கோட்டை மதித்து வண்ணம் ஓடாது. கோட்டைக் காப்பாற்றப் போய்த் தற்செயலாக வந்த நல்ல வடிவங்களையெல்லாம் அழித்துவிட்டு, கடைசியில் சுமாரான பாறை ஓவியம் ஒன்றோடு நிற்கிறார்கள்.

சரியான வரிசை இது: முதலில் பதிவு, அடுத்து பார்த்தல், அதன்பின் வானம், அப்புறம் ஒளி நிழல், கடைசியாகப் பொருள். இந்த ஐந்தில் படத்தைத் தீர்மானிப்பது மூன்றாவதுதான். நிலத்தின் விளிம்பை வெட்டித் தருவது வானம். அதைப் பின்னணி என்று நினைத்து முதலிலேயே பூசிவிட்டால் வெட்டுவதற்குக் கையில் கத்தி இருக்காது.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

பலகை: 6 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அல்லது நல்ல ப்ளைவுட், 12 × 16 அங்குலம். மரக்கடையில் வெட்டியே தருவார்கள். கேன்வாஸ் துணி முதல் படத்துக்கு வேண்டாம். அழுத்தும்போது துணி உள்வாங்கும். நெசவின் தடமும் நுண்ணிய கிளைகளைத் தின்றுவிடும்.

வண்ணம்: பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), அல்ட்ராமரைன் (நீலம்), விரிடியன் (பச்சை) தலா ஒரு 20 மி.லி. ட்யூப், டைட்டேனியம் ஒயிட் 40 மி.லி. கறுப்பு வேண்டாம். அம்பரும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் தேவையான கருமை வந்துவிடும். போதாததற்கு ஐவரி பிளாக் மெதுவாகக் காயும். தடித்த பூச்சில் அது தொல்லை.

அழுத்துவதற்கு: 5 × 7 அங்குலத்தில் 3 மி.மீ. கண்ணாடி இரண்டு. படச்சட்டம் போடும் கடையில் வெட்டி வாங்கி, ஓரம் நான்கிலும் டேப் ஒட்டுங்கள், கை கிழியாது. இரண்டு ஓ.எச்.பி. ஷீட் (வளையும் தெளிவான பிளாஸ்டிக் தாள்). மெல்லிய பாலிதீன் கொஞ்சம்.

மற்றவை: ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு), மாடலிங் பேஸ்ட் (மேடாக நிற்கும் கெட்டிப் பசை), ஓக்கர், சியன்னா அக்ரிலிக் சிறு ட்யூப்கள், சுத்திகரித்த ஆளிவிதை எண்ணெய் 100 மி.லி., டர்பன்டைன், பேலட் கத்தி, பட்டி பார்க்கும் தகடு, 220, 320, 400 நம்பர் உப்புத்தாள், ட்ரேசிங் தாள், தட்டைத் தூரிகை 4, 8 நம்பர், உருண்டைத் தூரிகை 0, 2 நம்பர், மென்மையான விசிறித் தூரிகை ஒன்று. பழைய துணி நிறைய. மூடியுள்ள தகர டப்பா ஒன்று. அது எதற்கு என்பது எட்டாவது பகுதியில் வரும்.

நிலப் பதிவுக்கு அக்ரிலிக்கைப் பயன்படுத்தலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். காரைக்குடி வெயிலில் அக்ரிலிக் பரப்பி முடிப்பதற்குள் தோல் கட்டிவிடும். கண்ணாடி ஒட்டிக்கொண்டு வராது. அடிநிறத்துக்கு மட்டும் அக்ரிலிக், மேலே எண்ணெய். எண்ணெய்க்கு மேல் அக்ரிலிக் ஒருநாளும் பூசாதீர்கள், உரிந்துவிடும்.

3. பலகையைத் தயார் செய்தல்

ஜெஸ்ஸோவில் பத்துக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, முன்பக்கம் நான்கு பூச்சு, ஒவ்வொன்றும் முந்தியதற்குக் குறுக்காக. பின்பக்கமும் நான்கு ஓரங்களும் இரண்டு பூச்சு. பின்பக்கத்தை விட்டால் மழைக்காலத்தில் பலகை ஒரு பக்கமாக ஈரம் குடித்து வளைந்துகொள்ளும். ஓரத்தை விட்டால் எம்.டி.எஃப். அங்கேதான் முதலில் உப்பும்.

பூச்சுக்கு இடையில் 220, கடைசியில் 400 உப்புத்தாள். மேடு பள்ளம் கையில் தட்டக் கூடாது, ஆனால் பளபளப்பும் ஏறக் கூடாது. மினுங்கும் அளவுக்குத் தேய்த்துவிட்டால் எண்ணெய் வண்ணத்துக்குப் பிடிமானம் இருக்காது. கடைசிப் பூச்சுக்குப் பிறகு மூன்று நாள் விடுங்கள்.

பழைய வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சுச் சுவரின் வழவழப்பைப் பார்த்து அதிலேயே இதைச் செய்யலாமே என்று தோன்றும். வேண்டாம். சுண்ணாம்பின் காரம் எண்ணெயைச் சவுக்காரமாக்கிவிடும். வண்ணம் பொரிந்து உதிரும். அப்படிப்பட்ட பூச்சைத் திரும்பச் செய்யக்கூடிய கைகள் குறைந்துவருகின்றன என்பதும் இன்னொரு காரணம்.

4. முன்தரைக்குக் கொட்டான் பதிவு

படத்தின் அடியில் இரண்டரை அங்குலப் பட்டை முன்தரை. பார்வையாளரின் காலடிக்கு மிக அருகில் உள்ள இந்த இடத்தில் ஒழுங்கான ஒரு நெசவு இருந்தால், மேலே வரும் ஒழுங்கற்ற பாறைகள் இரு மடங்கு விநோதமாகத் தெரியும்.

பலரும் இதற்கு ஆத்தங்குடித் தரைக்கல்லைத் தேடிப் போகிறார்கள். அதில் பூவும் கொடியும் கண்ணுக்குத்தான் உண்டு; விரலுக்கு இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து எடுப்பதால் அதன் முகம் சமதளம். காகிதம் வைத்துத் தேய்த்தாலும், பேஸ்ட்டில் அழுத்தினாலும் ஒன்றும் வராது. தடம் தருபவை வேறு: பனையோலைக் கூடையான கொட்டானின் முடைச்சல், மழையில் நனைந்து ரேகை எழும்பிய தேக்குக் கதவு, செம்பாறாங்கல், பனைமரத்துச் செதில். கையாள எளிது கொட்டான். கிழிந்த கொட்டானின் அடிப்பகுதியைத் தட்டையாக வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டையில் மாடலிங் பேஸ்ட்டை 1.5 மி.மீ. கனத்துக்குப் பரப்பி, மேல் விளிம்பைக் கத்தியால் சரித்துத் தேய்த்து இல்லாமலாக்குங்கள். நேர்கோடாக விட்டால் அது முடிந்த படத்திலும் நேர்கோடாகவே தெரியும். பத்து நிமிடம் கழித்து, மேற்பரப்பு விரலில் ஒட்டாத நிலையில், மெல்லிய பாலிதீனை விரித்து, அதன் மேல் கொட்டான் துண்டை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். எடுத்துவிட்டு ஒரு நாள் காயவிடுங்கள். பாலிதீன் இல்லாமல் அழுத்தினால் ஓலை பேஸ்ட்டையும் பிய்த்துக்கொண்டு வரும். முடைச்சல் முழுக்கப் பதிய வேண்டியதில்லை. அங்கங்கே விட்டுப்போனது நல்லது. உழுத நிலமா, வறண்ட ஊருணியின் வெடிப்பா என்ற குழப்பம் அப்போதுதான் வரும்.

5. அடிநிறம்

அக்ரிலிக் ஓக்கரும் சியன்னாவும் இரண்டுக்கு ஒன்று, தண்ணீர் நிறைய. பலகை முழுக்க ஒரே பூச்சு, துணியால் துடைத்து மெலிதாக்குங்கள். செம்மண் இதுவே. அழுத்திப் பிரித்த பிறகு கிளைகளுக்கு நடுவே வண்ணம் அனேகமாக அற்றுப்போன பள்ளங்கள் இருக்கும். அவற்றின் வழியே தெரியப்போவது இந்த நிறம். வெள்ளையாக விட்டால் அந்தப் பள்ளங்கள் கண்ணில் குத்தும்.

6. அட்டையில் ஒத்திகை

பளபளப்பான ஆர்ட் கார்டு நான்கைந்தில் முதலில் பழகுங்கள். குவாஷ் (அடி தெரியாமல் மூடும் நீர்வண்ணம்) போதும். இந்த முறையைச் சர்ரியலிஸ்டுகளிடையே பரவச் செய்த ஆஸ்கர் டொமிங்கெஸ் 1930-களின் நடுவில் செய்ததும் காகிதமும் குவாஷும் வைத்துத்தான். எந்தப் பக்கத்திலிருந்து தூக்கினால் கிளை எங்கே போகிறது என்று கைக்குத் தெரிந்தபின் பலகைக்கு வாருங்கள்.

7. வண்ணம் குழைத்தல்

நிலப்பகுதி முழுவதற்கும் 25 மி.லி. வரை தேவைப்படும். நடுவில் தீர்ந்து மறுபடி குழைத்தால் பதம் மாறும். பதம் மாறினால் கிளைகளின் பருமனும் மாறும். எனவே மொத்தமாகக் குழைத்து வையுங்கள்.

மூன்று குவியல். இருள்: அம்பர் 3 பங்கு, அல்ட்ராமரைன் 1 பங்கு. நடு: சியன்னா 3, ஓக்கர் 1. பாசி: விரிடியன் 1, ஓக்கர் 2, வெள்ளை 1. ஒவ்வொன்றிலும் ஆறு பங்கு வண்ணத்துக்கு ஒரு பங்கு ஆளிவிதை எண்ணெய். டர்பன்டைன் சேர்க்காதீர்கள், அது ஆவியாகிக்கொண்டே இருப்பதால் பத்து நிமிடத்துக்கு ஒரு பதம் வரும்.

பதம் வெள்ளைப் பணியார மாவை ஒத்திருக்க வேண்டும்: கத்தியால் தூக்கினால் அறாமல் பட்டையாக இறங்கி, விழுந்த இடத்தில் ஒரு நொடி மேடாக நின்று பிறகு அமுங்கணும். ட்யூப் வண்ணம் அப்படியே கட்டியாக இருந்தால் கிளை விடாது, கொத்துக் கொத்தாகப் பிய்யும். எண்ணெய் மிஞ்சினால் நல்ல கிளை வரும், ஆனால் ஐந்து நிமிடத்தில் கரைந்து சமமாகிவிடும். இந்த இரண்டாவது தவறுதான் மோசம், ஏனென்றால் செய்தவுடன் எல்லாம் சரியாகத் தெரியும்.

8. அழுத்துதலும் பிரித்தலும்

நடப்பது என்ன என்று தெரிந்துகொண்டால் கை தானாகப் பழகும். கண்ணாடியைத் தூக்கும்போது விளிம்பிலிருந்து காற்று உள்ளே நுழைகிறது. இளகிய காற்று கெட்டியான வண்ணத்தைத் தள்ளும்போது ஒரே கோடாக முன்னேறாது. விரல் விரலாகப் பிளந்துகொண்டு போகும். விரல்களுக்கு நடுவே மிஞ்சும் வண்ணச் சுவர்கள்தான் நமக்குக் கிடைக்கும் கிளைகள். உள்ளே போகப்போகச் சில விரல்கள் பின்தங்கி நின்றுவிடும். அங்கே இரண்டு சுவர்கள் ஒன்றாகிப் பருக்கும்.

ஆகவே தூக்கத் தொடங்கிய பக்கத்தில் நுனிக்கிளை, தூக்கி முடித்த பக்கத்தில் அடிமரம். மரமாகவோ புதராகவோ நிமிர்ந்து நிற்க வேண்டுமென்றால் கண்ணாடியின் மேல் விளிம்பைத் தூக்கி, கீழ் விளிம்பைக் கதவின் கீல் போல ஊன்றிக்கொள்ளுங்கள். வேர் இறங்குவதுபோல, பாறையிலிருந்து ஒழுகுவதுபோல வேண்டுமென்றால் கீழிருந்து தூக்குங்கள். நான்கு பக்கமும் சமமாக நேரே மேலே தூக்கினால் எல்லாக் கிளையும் நடுவில் கூடி ஒரு பூ மாதிரி வரும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் பார்த்த மாத்திரத்தில் கண்ணாடி வைத்து எடுத்தது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

வேகமும் கனமும் அடுத்தது. விரைவாகத் தூக்கினால் நுண்ணிய, நெருக்கமான கிளைகள். மெதுவாகத் தூக்கினால் சில தடித்த கிளைகள். வண்ணப் படலம் மெலிந்தால் கிளையும் மெலியும். முன்பக்கத்துப் பாறைக்குக் கனமான வண்ணமும் நிதானமான கையும், தொலைவில் உள்ளவற்றுக்கு மெல்லிய வண்ணமும் விரைவான கையும் வைத்துக்கொண்டால் தூரமும் கிட்டமும் தன்னால் வந்துவிடும்.

ஓ.எச்.பி. ஷீட் வளையும் என்பதால் ஓரத்திலிருந்து சுருட்டிப் பிரிக்கலாம். பிரிக்கும் திசையிலேயே நீளவாட்டில் கோடுகள் விழும்; அடுக்குப் பாறைக்கு ஏற்றது. பாலிதீனைக் கசக்கி வைத்து அழுத்தினால் மடிப்புகளின் ரேகைகள் கிடைக்கும். அதைக் கொஞ்சமாகவே பயன்படுத்துங்கள், சீக்கிரம் அலுக்கும்.

இனிச் செய்முறை. பலகையை மேசையில் கிடத்துங்கள். முன்தரைப் பட்டைக்கு மேலே, பலகையின் பாதி உயரம் வரையிலும், இரண்டு இடத்தில் முக்கால் உயரம் வரையிலும் வண்ணத்தைக் கத்தியால் திட்டுத் திட்டாக வையுங்கள். மூன்று குவியலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். கலக்க வேண்டாம், கண்ணாடி கலக்கும். திட்டின் கனம் அரை மி.மீ. போதும். திட்டு ஒவ்வொன்றும் கண்ணாடியைவிடச் சிறியதாக, ஒழுங்கற்ற விளிம்போடு இருக்கட்டும். கண்ணாடி விளிம்பு வரை வண்ணம் போனால் படத்தில் செவ்வகம் பதியும். இந்த வேலையில் அடிக்கடி பார்க்கும் குறை அதுதான். பின்னால் எதைப் பூசினாலும் மறையாது.

கண்ணாடியை ஓரமாக ஊன்றி மெல்லச் சாய்த்து வையுங்கள், காற்றுக் குமிழி சிக்காது. நடுவிலிருந்து வெளிப்புறமாக விரல்களால் அழுத்துங்கள். வண்ணம் பரவுவது கண்ணாடி வழியே தெரியும். விளிம்புக்கு அரை அங்குலம் இருக்கும்போது நிறுத்துங்கள். பேலட் கத்தியின் நுனியைச் செருகி ஓரத்தைக் கிளப்பி, நினைத்த திசையில் ஒரே மூச்சில் தூக்குங்கள். பக்கவாட்டில் கால் அங்குலம் நகர்ந்தாலும் கிளைகள் இழுபட்டு வழிந்துவிடும். தூக்குவதில் தயங்கி நடுவே நின்றால் நின்ற இடத்தில் குறுக்குக் கோடு விழும்.

பிடிக்கவில்லையென்றால் அதே இடத்தில் இன்னொரு முறை அழுத்தலாம். மூன்றாவது முறைக்கு மேல் எல்லா நிறமும் கலந்து ஒரே சேறு. அப்போது தகட்டால் வழித்தெடுத்துவிட்டுப் புதிய வண்ணம் வைப்பதே வழி. அடுத்த திட்டை அழுத்தும்போது முந்தியதன் ஓரத்தை அரை அங்குலம் தழுவிக்கொள்ளுங்கள், இணைப்பு மறையும். கண்ணாடியில் ஒட்டிய வண்ணத்தை வீணாக்காமல் தூரத்துப் பகுதியில் ஒற்றி எடுங்கள். மெல்லிய, வெளிறிய கிளைகள் இலவசமாகக் கிடைக்கும்.

முன்தரைக்கு வேறு வேலை. இருள் குவியலைக் கொட்டான் பதிவின் மேல் தேய்த்து, பட்டித் தகட்டைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் சுரண்டுங்கள். மேட்டிலிருப்பது போய்விடும், பள்ளத்தில் தங்கியது முடைச்சலைக் காட்டும்.

கடைசியாக, வானம் வரும் என்று சந்தேகமில்லாமல் தெரியும் இடங்களில் உள்ள மேடுகளை இன்றே, ஈரமாக இருக்கும்போதே, கத்தியால் வழித்துச் சமமாக்குங்கள். காய்ந்தபின் அதைச் செய்வது பெரும்பாடு.

எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காய்வதே காற்றோடு சேர்ந்து வெப்பம் விட்டுத்தான். குவிந்து கிடந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் துணி தானே தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள், அல்லது வெளியே கொடியில் தனித்தனியாக விரியுங்கள். மரத் தூணும் மர உத்தரமும் உள்ள வீடுகளில் இதில் அலட்சியம் கூடாது.

9. காயவிடுதல்

கிடத்தியே வையுங்கள், நிமிர்த்தினால் முதல் நாளிலேயே மேடுகள் சரியும். செம்மண் புழுதிக்குப் பயந்து மேலே துணி போர்த்தினால் துணி ஒட்டிக்கொள்ளும். நான்கு மூலையிலும் கட்டை வைத்து, மேலே ஓர் அட்டையைத் தாங்கலாக வையுங்கள். வளவில், அதாவது வீட்டு முற்றத்தைச் சுற்றி, தாழ்வாரத்து நிழல் நல்ல இடம்: காற்றும் வெளிச்சமும் உண்டு, நேர் வெயில் இல்லை. வெயிலில் வைத்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து சுருங்கி, அடியில் ஈரம் அப்படியே இருக்கும்.

கோடையில் ஒரு வாரம் முதல் பத்து நாள். வடகிழக்குப் பருவமழையில் இரண்டு மூன்று வாரம். அவசரமென்றால் எண்ணெய்க்குப் பதில் விரைவில் காயும் அல்கிட் மீடியம் கலந்து குழைக்கலாம், மூன்று நாளில் தொடலாம். ஆனால் அழுத்தும் வேலையையும் விரைவாக முடிக்க வேண்டிவரும். காய்ந்ததா என்று பார்க்க, கனமான மேடு ஒன்றின் பக்கவாட்டில் நகத்தால் லேசாக அழுத்துங்கள். பள்ளத்தில் தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். அங்கே வண்ணமே இல்லை.

10. பார்த்தல்

ஒன்றும் பூசாமல் பார்ப்பதற்கென்றே ஓர் அமர்வு. முன்தரைக்குப் பதிவு செய்திருந்தாலும் பலகையை நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள். தலைகீழாக நன்றாக இருந்தால் முன்தரையைத் தியாகம் செய்யலாம். மாலையில் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு தரம், பத்தடி தள்ளி நின்று ஒரு தரம், கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்து ஒரு தரம்.

ட்ரேசிங் தாளை மேலே வைத்து, வானம் நிலத்தை எங்கே வெட்டலாம் என்று விளிம்புக் கோடு மட்டும் போடுங்கள். குறைந்தது மூன்று தாள், மூன்று வெவ்வேறு வெட்டு. முதலில் தோன்றுவது அனேகமாக ஒரு முகமாகவோ மிருகமாகவோ இருக்கும். அதை ஒதுக்கிவிடுங்கள். மூக்கும் கண்ணும் தெளிவாகத் தெரிந்துவிட்டால் பார்க்கிறவர் ‘அட, முகம்!’ என்று சொல்லி நகர்ந்துவிடுவார். பாதி தெரிவதே நிற்க வைக்கும்.

சர்ரியலிச ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1940 முதல் 1942 வரை டெகல்கோமேனியா முறையில் வரைந்த ‘மழைக்குப் பின் ஐரோப்பா II’ படத்தை (அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்து வாட்ஸ்வொர்த் அத்தீனியம் அருங்காட்சியகத்தில் உள்ளது) திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். பறவைத் தலை உருவமும் முதுகு காட்டி நிற்கும் பெண்ணும் தெளிவாக வரையப்பட்டவர்கள்; சுற்றியுள்ள இடிபாடுகளோ எதுவென்று பிடிபடாதவை. அவற்றின் விளிம்பை வானத்தின் நீலம் எவ்வளவு கூராக நறுக்கியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

11. வானம்

வெட்டுக்கோட்டைப் பலகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்: ட்ரேசிங் தாளின் பின்பக்கம் வெள்ளைச் சாக்கட்டி தேய்த்து, கோட்டின் மேல் பென்சிலால் அழுத்தினால் போதும். வானப்பகுதியில் இன்னும் மேடு இருந்தால் 320 உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். உலர்வாகத் தேய்க்காதீர்கள், வண்ணத் தூள் மூச்சில் போகும்.

செட்டிநாட்டுக் கோடை வானம் உச்சியில்தான் நீலம். கீழே வரவரப் புழுதியில் வெளுத்து, தொடுவானத்தில் லேசாகச் சிவந்திருக்கும். அந்த வெளுப்பு நமக்குச் சாதகம், இருண்ட நிலம் அதன் மேல் நன்றாக வெட்டுப்படும். பூசத் தொடங்கும் முன்பே ஐந்து குவியல் கலந்து வையுங்கள். தொடுவானத்தில் வெள்ளையோடு ஓக்கரும் சியன்னாவும் துளி. அடுத்தது ஏறக்குறைய வெறும் வெள்ளை, அம்பர் ஒரு தொடுகை. மூன்றாவதில் வெள்ளையில் கொஞ்சம் அல்ட்ராமரைன். நான்காவதில் நீலம் கூடும். உச்சியில் அல்ட்ராமரைன், வெள்ளை, சிட்டிகை அம்பர். இரண்டாவது குவியலை விட்டுவிட்டால் ஓக்கரும் நீலமும் நேரே மோதி, வானத்தில் ஒரு பச்சைப் பட்டை ஓடும்.

வானத்தை டர்பன்டைனில் மட்டும் கரைத்துப் பூசாதீர்கள். அடியில் எண்ணெய் அதிகமுள்ள படலம் இருக்கிறது. மேலே எண்ணெய் குறைந்த படலம் வந்தால், அது முன்னால் காய்ந்து இறுகி, அடியிலிருப்பது அசையும்போது வெடிக்கும். அடியில் சேர்த்ததற்குக் குறையாமல் இதிலும் எண்ணெய் சேருங்கள்.

தொடுவானத்தைப் பலகையின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். தாழ்ந்தால் பாறைகள் ஓங்கி நிற்கும். 8 நம்பர் தட்டைத் தூரிகையால் கீழிருந்து மேலாகப் பட்டை பட்டையாகப் பூசி, உலர்ந்த விசிறித் தூரிகையால் பக்கவாட்டில் இழைத்துப் பட்டைகளின் இணைப்பை மறையுங்கள். இழைக்கும்போது விளிம்பிலிருந்து கால் அங்குலம் தள்ளியே நிறுத்துங்கள். பிறகு 4 நம்பர் தட்டையின் ஓரத்தாலும் 0 நம்பர் உருண்டையாலும் வெட்டுக்கோட்டை நெருங்கி வாருங்கள். கிளைகளின் நுனி எங்கே எட்டிப் பார்க்கிறதோ அதைச் சுற்றி வளைத்துப் போங்கள். வழவழவென்று ஒரு வளைவில் வெட்டினால் பாறை காகிதத்தில் கத்தரித்து ஒட்டியது மாதிரி ஆகிவிடும். அவசரப்படக் கூடாத இடம் இந்தப் படத்தில் இது ஒன்றுதான். ஒரு மணி நேரமானாலும் பரவாயில்லை.

பாறைக்குள் வானம் தெரியும் ஓட்டைகளைக் கடைசியில் வையுங்கள். மூன்று அல்லது நான்கு. ஓட்டை எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்து வான நிறத்தையே அதில் வைக்க வேண்டும். எல்லா ஓட்டையிலும் ஒரே நீலத்தை வைத்தால் அவை பாறையில் ஒட்டிய நீலப் பொட்டுகளாகிவிடும்.

12. ஒளியும் நிழலும்

தொட்டால் ஒட்டாத அளவுக்கு வானம் காய்ந்தபின், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று முடிவுசெய்து பலகையின் பின்னால் அம்புக்குறி போட்டு வையுங்கள். இடப்பக்கம், தாழ்வாக, மாலை நான்கரை மணி வெளிச்சம் என்று வைத்துக்கொள்வோம். அம்பரும் அல்ட்ராமரைனும் சம பங்கு. எண்ணெய் இரண்டு பங்குக்கு டர்பன்டைன் ஒரு பங்கு என்ற கலவையில் இளக்கி, வடிவங்களின் வலப்பக்கம் மெல்லப் பூசி, மேடுகளைத் துணியால் துடையுங்கள். பள்ளம் இருண்டு மேடு எழும்பும்.

வெளிச்சத்துக்கு வெள்ளை, ஓக்கர் கலவை. தூரிகையில் எடுத்து, துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, படுக்கையாகப் பிடித்து இடமிருந்து வலமாக இழுங்கள். மேட்டு நுனியில் மட்டும் பிடிக்கும். மொத்த நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இதைச் செய்யாதீர்கள். எல்லா மேடும் மின்னினால் எதுவும் மின்னவில்லை.

13. பொருள் வைத்தல்

ஒரு பொருள். அதிகம் போனால் இரண்டு. செட்டிநாட்டிலிருந்து எடுக்க ஆரம்பித்தால் நிலைக்கதவு, அய்யனார் புரவி, ஊருணிப் படித்துறை, தூக்குச் சட்டி என்று கை நிற்காது; எல்லாவற்றையும் போட்டால் சுற்றுலாச் சுவரொட்டி. உருகும் கடிகாரம் வேண்டவே வேண்டாம், அது சால்வடார் டாலியுடையது.

நிலைக்கதவை எடுத்துக்கொள்வோம்: சுவர் இல்லாமல், முன்தரைக்குச் சற்றுப் பின்னால், 6 செ.மீ. உயரம். அந்த அளவில் செதுக்கு வேலை முழுவதையும் காட்ட முடியாது. நிலையைச் சுற்றி மூன்று பட்டை, மேலே ஒரு நெற்றிப் பலகை, அவ்வளவே. ஓரங்கள் கூராக இருக்கட்டும். நிலத்தின் குழப்பத்துக்கு எதிராக இந்தத் துல்லியம்தான் வேலை செய்கிறது. அடியில் அரை செ.மீ. மண்ணுக்குள் புதைந்திருக்கட்டும், இல்லாவிட்டால் மிதக்கும். நிழல் வலப்பக்கம், உயரத்தைப்போல் இரு மடங்கு நீளம். அது மேடுகளின் மேல் ஏறி இறங்க வேண்டும். அளவுகோல் வைத்து நேர்கோடாக இழுத்த நிழல், கதவையே பொய்யாக்கிவிடும்.

இரண்டாவதாக எதையாவது வைப்பதானால், தொடுவானத்தில் 6 மி.மீ. உயரத்தில் நான்கைந்து பனை. நல்ல பனை அறுபதடி என்று எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதே தூரத்தில் நிற்கும் 12 செ.மீ. பாறை அதைப்போல் இருபது மடங்கு, அதாவது 1200 அடி மலையாகிவிடுகிறது. இதைவிடச் சிக்கனமாகப் பிரம்மாண்டம் காட்ட வழி தெரியவில்லை.

14. வார்னிஷ்

தடித்த எண்ணெய்ப் படலம் உள்வரை காய ஆறு மாதமாவது ஆகும். அதற்குள் வார்னிஷ் அடித்தால் வெடிப்பு வரலாம். இடையில் காட்சிக்கு வைக்க வேண்டியிருந்தால் தற்காலிகமான ரீடச் வார்னிஷ் மெல்லியதாக ஒரு பூச்சு. ஆறு மாதம் கழித்து, மழை இல்லாத நாளில், மென்மையான தூரிகையால் பள்ளங்களிலுள்ள தூசியைத் தட்டிவிட்டு மேட் வார்னிஷ் பூசுங்கள். பளபளப்பு வார்னிஷ் வேண்டாம். ஒவ்வொரு மேட்டிலும் ஜன்னல் வெளிச்சம் தனித்தனியாக மின்னி, நீங்கள் கட்டி வைத்த ஒற்றை ஒளியைக் கலைத்துவிடும். சட்டம் போடும்போது கண்ணாடி, படத்தின் மேடுகளில் படாமல் குறைந்தது 5 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள்.